தில்லை வழக்கும் திருவாரூர் முத்துசாமி ஐயரும்

தில்லைப் பெருங்கோயில் யாருடையது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. தீட்சிதர்களின் தனிச்சொத்தா, மக்கள் அனைவரும் வழிபடும் பொதுக்கோயிலா என்பது சென்ற நூற்றாண்டுகளில் பலமுறை வழக்காடப்பெற்றது. அவ்வரிசையில் 1890ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு தனியிடம் பெறுகிறது. அதனை வழங்கிய நீதிபதிகள் இருவர். ஒருவர் ஷெப்பர்டு என்னும் ஆங்கிலேயர். மற்றவர் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

1832இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வறிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்கு ஊர்க்கணக்கருக்கு உதவியாளாய் அமர்ந்தார். சிறுவனின் கூர்த்த மதியைக் கண்ட திருவாரூர் வட்டாட்சியர் முத்துசாமி நாயக்கர் கல்விக்கு வழிசெய்தார். தெருவிளக்கின் ஒளியில் அவர் படித்ததாகக் கூறும் செய்தி தமிழகத்தில் இன்றும் வழங்குகிறது. சென்னையில் பவல் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1854இல் ஆங்கிலக் கட்டுரைக்காக ஐந்நூறு ரூபாய்ப் பரிசு பெற்றார். பின்னர்த் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாகப் பணியேற்றுப் படிப்படியாக உயர்ந்தார்.

1878இல் அவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பெற்றார். அம்மன்றத்தில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இந்நியமனத்தைக் கடுமையாகச் சாடின. அவரது சட்ட அறிவில் அவை குறை கண்டன அல்ல. இந்தியர் ஒருவர் ஆங்கிலேயருக்கு நிகராக அமர்வதே அவற்றிற்குப் பொறுக்கவில்லை. இவ்வேடுகளுக்கு மறுமொழி கூற நம்மவர்க்கென ஓர் ஏடு இல்லையே என வருந்திய இளைஞர் அறுவர், கடன் வாங்கிய பணத்தில் எண்பது படிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் 'இந்து' இதழைத் தொடங்கினர். ஒருவர் பெற்ற பதவி ஒரு நாட்டின் குரலுக்கு வாயில் திறந்தது.

பிறப்பைக் காட்டித் தகுதியை மறுப்போரின் எதிர்ப்பைத் தாங்கியவர், நீதி இருக்கையில் எதனை அளவுகோலாகக் கொண்டார்? தில்லை வழக்கு விடை தருகிறது. தனிச்சொத்து என்னும் கோரிக்கைக்கு ஆவணச் சான்று காட்டப்படவில்லை. நெடுங்காலமாகப் பொதுமக்கள் வழிபட்டு வந்ததோ மறுக்கப்படவில்லை. ஆகவே இது பொதுக்கோயிலே என்ற மாவட்ட நீதிபதியின் முடிவை ஐயுறக் காரணமில்லை என நீதிபதிகள் உறுதி செய்தனர். மரபின் பெருமையை அவர்கள் பழிக்கவில்லை. பெருமை வேறு, உடைமை வேறு எனப் பிரித்துக் காட்டினர்.

நிர்வாக உரிமை பற்றிய வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன. 2014இல் உச்சநீதிமன்றம் தீட்சிதர்களைத் தனிச் சமயப் பிரிவினராக ஏற்று அரசின் செயல் அலுவலர் நியமனத்தை நீக்கியது. நிர்வகிப்போர் யார் என்பதும் உடைமை யாருடையது என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பதை உணர, 1890இன் தீர்ப்பு இன்றும் துணைசெய்கிறது.

1893இல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கிய ஐயர், 1895 சனவரியில் மறைந்தார். உயர்நீதிமன்றத்தில் அவரது பளிங்குச் சிலை அமர்ந்திருக்கிறது. அதனினும் நிலைத்தது, சான்றின்றி உரிமை இல்லை என்று தில்லைக்கு அவர் உரைத்த நெறியாகும்.