ஆலங்காயத்து மலையில் நக்ஷத்திர ஆராய்ச்சி

தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன வாணியம்பாடி, ஆம்பூர்ப் பாலாற்றுச் சமவெளியை விட்டு, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறுகிறவர்கள், காட்டுக்கு நடுவே காவலூர் என்ற சிற்றூரில் காணும் வெண்ணிறக் கோபுரங்கள், நம் நாட்டு வான சாஸ்திரம் மேற்கொண்ட நீண்ட யாத்திரையில் ஒரு தங்குமிடமாகும். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் அமைத்த வானாய்வுக்கூடத்தின் பணி, 1899-ல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. ஆனால் சூரியனை ஆராய்வதற்கு உகந்த அவ்விடம், இரவில் நக்ஷத்திரங்களை ஆராய்வதற்கு அத்தனை உகந்ததாக இல்லை. 1960-ல் அங்கிருந்த வானாய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்ற வானியலாளர் வைணு பாப்பு, தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியக்கூடிய, ஊர் விளக்குகளின் ஒளி தீண்டாத ஓரிடத்தைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார்.

ஹார்வர்டில் மாணவராயிருந்தபோதே, 1949-ல், வால்நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டு கீர்த்தி பெற்ற அவர், நினைத்திருந்தால் கருவிகள் நிறைந்த வெளிநாட்டிலேயே சுகமாக இருந்திருக்கலாம். இங்கோ, 1968-ல் காவலூரில் முதன்முதலாக வேலை தொடங்கிய தொலைநோக்கி, தம்மவரே பட்டறையில் செய்த, 38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட சிறு கருவி. கருவியைக் கடைந்தவனும் அதில் கண்வைத்துப் பார்த்தவனும் ஒரே கூட்டத்தார் என்பதுதான், என் அபிப்பிராயத்தில், அம்மலையின் ஆராய்ச்சிப் பண்பாட்டுக்கு அஸ்திவாரம்.

அன்றாட வாழ்க்கையோ விசித்திரமானது. ஊர் உறங்கப் போகும் வேளையில் அங்குள்ள விஞ்ஞானிகளுக்குப் பொழுது விடியும். அந்நாளில், ஒளிப்படத் தகடு நக்ஷத்திர ஒளியைச் சேர்த்துக்கொண்டிருக்க, குறுக்கிழையை விட்டு அந்த நக்ஷத்திரம் நழுவாதபடி மணிக்கணக்கில் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. சாமை விதைத்த மலைவாசி மேகத்தை எதிர்பார்த்து அண்ணாந்து நிற்க, அதே மேகம் வரக்கூடாதே என்று விஞ்ஞானியும் அண்ணாந்து நிற்பது, அங்குள்ளோர் நன்கறிந்த வேடிக்கை.

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நக்ஷத்திரத்தின் முன்னே கடக்கும் நிகழ்ச்சியைக் காண, 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காவலூர் வானாய்வாளர்களான பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் காத்திருந்தனர். கிரகத்தின் அருகே நக்ஷத்திர ஒளி திடீரென மங்கியதைக் கண்டு, அது அறியப்படாத ஓர் உபகிரகமாக இருக்கலாம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். இந்து மகாசமுத்திரத்தின்மேல் விமானத்தில் கருவியேற்றிப் பறந்த அமெரிக்கர்கள் பல மங்கல்களைக் கண்டதையும் ஒப்பிட்டு நோக்கியபின், யுரேனஸைச் சூழ்ந்த வளையங்களே அதற்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. கண்டது மெய், கொண்ட பொருள் மட்டும் மாறிற்று. பதிந்த அளவைத் தயக்கமின்றி வெளியிட்டதனால்தான் பிறர் அளவோடு அதனைச் சேர்த்துப் பார்க்கமுடிந்தது. உறுதி வரட்டும் என்று பூட்டி வைத்திருந்தால் அந்த இரவு வீணாய்ப் போயிருக்கும்.

நம் நாட்டிலேயே தேய்த்து மெருகிட்ட 2.34 மீட்டர் ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கியைப் பாப்பு காணக் கொடுத்து வைக்கவில்லை, 1982-ல் காலமானார். 1986 ஜனவரியில் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஆயினும், சென்னை வானாய்வுக்கூடத்தில் பாக்ஸன் என்ற வானியலாளர் தம் சிறுகோள்களைக் கண்டு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1988-ல் இந்திய மண்ணிலிருந்து மீண்டும் ஒரு சிறுகோளை இராஜமோகன் குழுவினர் கண்டு, அதற்கு இராமானுஜன் என்று பெயரிட்டது, அப்பெரிய ஆடியைக் கொண்டன்று; பக்கத்திலிருந்த சிறிய ஸ்மிட் தொலைநோக்கியைக் கொண்டுதான்.