சிவப்புப் புள்ளியின் கதை: டப்ளின் டெலஸ்கோப்பிலிருந்து டெக்சஸ் படுக்கையறை வரை

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிச்சது. காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன் இப்போ டெக்சஸ்ல இருக்கான். கிரீன் கார்டு வந்துடுச்சு, வீடும் வாங்கியாச்சு. பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுக் கதவை யாரோ உடைச்சாங்கன்னு தெரிஞ்சதும் ஒரு பிஸ்டலும் வாங்கிட்டான். மூணு லிங்க் அனுப்பி, "மச்சான், நீ இன்ஜினியர்தானே, இதுல எந்த ரெட் டாட் வாங்கலாம்?"னு கேட்டான்.

நான் ஜாவா எழுதுற இன்ஜினியர். துப்பாக்கியை என்சிசி கேம்ப்ல ஒரே ஒரு தடவை தொட்டதோட சரி. ஆனாலும் அந்த லிங்கைத் திறந்தேன். அங்கேருந்து 1900-ம் வருஷ டப்ளினுக்குப் போயிட்டேன்.

ஹவர்ட் கிரப் அப்படின்னு ஒருத்தர். டெலஸ்கோப் செய்யறதுதான் அவரோட குடும்பத் தொழில். நமக்கும் இவரோட ஒரு தொடர்பு இருக்கு. கொடைக்கானல் வானியல் ஆய்வகத்துல பாவ்நகர் டெலஸ்கோப்னு 20 அங்குல டெலஸ்கோப் ஒண்ணு இருக்கு. அது கிரப் கம்பெனி செஞ்சது. முதல்ல புனேல இருந்துச்சு, 1912-ல கொடைக்கானலுக்கு வந்துச்சு.

நட்சத்திரம் பார்க்கக் கண்ணாடி செஞ்சவருக்குத் துப்பாக்கி மேல ஏன் அக்கறை? இரும்பு சைட் வச்சுக் குறி பார்க்கும்போது மூணு விஷயத்தை ஒரே கோட்டுல கொண்டு வரணும். கண்ணுக்குப் பக்கத்துல ஒரு பிளவு, துப்பாக்கி முனையில ஒரு முளை, தூரத்துல இலக்கு. மூணும் மூணு தூரத்துல இருக்கு, கண்ணால ஒண்ணைத்தான் தெளிவா பார்க்க முடியும். போன்ல போர்ட்ரெய்ட் மோட் போட்டா பின்னாடி எல்லாம் மங்குதே, அதே கதை. "முன் முளையைப் பாரு, இலக்கு மங்கலா இருந்தா பரவாயில்லை"னுதான் காலங்காலமா சொல்லிக் கொடுத்தாங்க.

ராத்திரி பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்திருக்கீங்க. உள்ளே எரியுற விளக்கோட பிம்பம் வெளியே இருட்டுல மிதக்குற மாதிரி தெரியும், இல்லையா? கிரப் செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதான். ஒளிர்ற ஒரு குறியை லென்ஸோட குவியத்துல வச்சா, அதுலேருந்து வர்ற ஒளி இணைகோடா வெளியே வரும். அதைச் சாய்ந்த கண்ணாடியில பிரதிபலிச்சா, குறி ரொம்ப தூரத்துல, இலக்கு மேலயே ஒட்டியிருக்கிற மாதிரி தெரியும். தலையைக் கொஞ்சம் அசைச்சாலும் குறி இலக்கை விட்டு விலகாது. 1901-ல ராயல் டப்ளின் சொசைட்டியில இதை விளக்கும்போது, துப்பாக்கியிலேருந்து ஒரு மெல்லிய ஒளிக்கற்றை போய் இலக்குல விழுந்தா எப்படி இருக்கும்னும் கற்பனை பண்ணிப் பார்த்திருக்கார். லேசர் வர அறுபது வருஷத்துக்கு முன்னாடி! நடைமுறைக்கு ஆகாதுன்னு அவரே விட்டுட்டார்.

இது முதல்ல வேலைக்கு வந்தது ஆகாயத்துலதான். 1918-ல ஜெர்மன் போர் விமானங்கள், அப்புறம் இரண்டாம் உலகப்போர்ல ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட். விமானத்துல பல்பு எரிக்கக் கரண்ட் இருக்கு, கைத்துப்பாக்கியில எங்கே போறது? 1962-ல நிக் ஹோலோன்யாக் சிவப்பு எல்ஈடி செஞ்ச பிறகுதான் வழி பிறந்தது. 1975-ல ஸ்வீடன்ல எய்ம்பாயின்ட் கம்பெனி முதல் எலக்ட்ரானிக் ரெட் டாட்டை வித்தது. 1990-கள் கடைசியில அமெரிக்க ராணுவ ரைஃபிள்ல ஏறிடுச்சு.

பிஸ்டலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு லேட்? இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. பிஸ்டலோட மேல்பாகமான ஸ்லைடு ஒவ்வொரு சுடுதலுக்கும் படார்னு பின்னாடி போய் முன்னாடி வந்து மோதும். அது மேல லென்ஸ், எல்ஈடி, பேட்டரி எல்லாம் உட்காரணும். உங்க போனைச் சுத்தியல்ல கட்டி ஆணி அடிக்கிற மாதிரி. 2009-ல ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் வந்தப்போதான் இந்த அடியைத் தாங்குற சைட்னு ஒரு நம்பிக்கை வந்துச்சு. 2015-ல க்ளாக், ரெட் டாட் மாட்டத் தோதா ஸ்லைடை வெட்டியே விற்க ஆரம்பிச்சது. இதுக்கெல்லாம் முன்னாடியே, 2008-ல, ஹெல்லர் வழக்குல தற்காப்புக்காக வீட்டுல கைத்துப்பாக்கி வச்சிருக்கிறது தனிமனித உரிமைன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சரி, நண்பனோட மூணு லிங்க். அவன் புள்ளி 3 எம்ஓஏவா 6 எம்ஓஏவான்னு மண்டையை உடைச்சுட்டிருந்தான். கணக்கு போட்டுப் பார்த்தேன். அவன் வீட்டு ஹால் ஏழு மீட்டர். அந்தத் தூரத்துல 3 எம்ஓஏ புள்ளி 6 மில்லிமீட்டரை மறைக்கும், 6 எம்ஓஏன்னா 12. கடலைப் பருப்புக்கும் சட்டைப் பட்டனுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அதைவிட முக்கியம் வெளிச்சக் கட்டுப்பாடு. தானியங்கி பிரைட்னஸ்ல சென்சார் அளக்கிறது நீங்க நிக்கிற இடத்து வெளிச்சத்தை. நீங்க இருட்டு ரூம்ல நின்னு வெளிச்சமான ஹாலைப் பார்த்தா புள்ளி மங்கி, அந்த வெளிச்சத்துலயே கரைஞ்சிடலாம். அதனால கையால பட்டன் அழுத்தி மாத்துற மாடலா வாங்குடான்னேன். பேட்டரியை வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்தநாள் அன்னிக்கு மாத்து. இரும்பு சைட்டையும் கழட்டாதே, எலக்ட்ரானிக்ஸ் செத்தா அதுதான் பேக்கப். இதெல்லாம் நம்ம புரொடக்ஷன் சர்வர் புத்திதான்.

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. ரெட் டாட்டோட உண்மையான லாபம் வேகம்னு விளம்பரம் சொல்லுது. எனக்கு அப்படித் தோணலை. கண்ணு சைட் மேல இல்லாம எதிர்ல நிக்கிற ஆள் மேலயே இருக்கலாம், அதுதான் பெரிய லாபம். ஆனா இருட்டுல அந்த ஆளே தெரியலைன்னா? குண்டு எங்கே படும்னு புள்ளி சொல்லும், நிக்கிறது யாருன்னு சொல்லாது.

"டேய், உங்க வீட்டுல இப்போ யார் யார் இருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"நான், அவ, பாப்பா. அப்புறம் அத்தை திருச்சியிலேருந்து வந்திருக்காங்க."

"அத்தைக்கு ஜெட்லாக் போயிடுச்சா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னான், "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கிச்சன்ல தண்ணி குடிப்பாங்கடா. லைட் போட மாட்டாங்க, பாப்பா முழிச்சிடும்னு."

அந்த வாரம் அவன் வாங்கினது ஹாலுக்கும் கிச்சனுக்கும் ஆள் நடந்தா தானா எரியுற ரெண்டு சென்சார் விளக்கு, பிஸ்டலை வச்சுப் பூட்ட ஒரு இரும்புப் பெட்டி, கைக்கு ஒரு நல்ல டார்ச். மூணு லிங்க்கும் இன்னும் கார்ட்லதான் கிடக்கு. அத்தை ஊருக்குக் கிளம்பின பிறகு பார்த்துக்கலாம்னுட்டான்.