அளவும் வலிமையும்: பி.எச். அளவுகோலின் தோற்றமும் தமிழ்க் கலைச்சொற்களும்

1875ஆம் ஆண்டில் கொப்பன்கேகன் நகரில் பியர் வடிசாலை உரிமையாளர் யாக்கொப்சன் கார்ல்சுபேர்க் ஆய்வுகூடத்தை நிறுவினார். அதே ஆண்டில், யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் தமிழ் இரசாயன நூல் வெளிவந்தது. இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும், முன்னதில் பிறந்த ஒரு கணிப்புமுறை, பின்னது போன்ற நூல்கள் வளர்த்த அறிவியல் தமிழுக்குப் பின்னாளில் வந்துசேர்ந்தது. அவ்வரலாறு கலைச்சொல்லாக்கத்திற்கும் ஒரு பாடம் தருகிறது.

அக்காலத்தில் கரைசலொன்றின் அமில அளவு, அதனை நடுநிலையாக்கத் தேவைப்படும் மூலக் கரைசலின் கனவளவைக் கொண்டே அறியப்பட்டது. இம்முறைப்படி, சம செறிவுடைய ஐதரோகுளோரிக் அமிலமும் வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலமும் சமமானவை. வினைகளிலோ அவை சமமல்ல. இவ்வேறுபாட்டை விளக்க வழிவகுத்தது சுவாந்தே அரேனியசு 1884இல் உப்சாலாவில் அளித்த ஆய்வேடாகும். வலிய அமிலம் நீரில் ஏறத்தாழ முற்றாக அயன்களாகப் பிரிகிறது. மெலிந்த அமிலத்தில் ஒரு சிறு பகுதியே பிரிகிறது.

கார்ல்சுபேர்க் ஆய்வுகூடத்தின் இரசாயனப் பிரிவுக்கு 1901இல் தலைவரான சோரன்சன் நொதியங்களை ஆராய்ந்தார். நொதியத்தின் செயற்பாடு மொத்த அமில அளவைவிட ஐதரசன் அயன் செறிவிலேயே தங்கியிருப்பதை அவர் வலியுறுத்தினார். அச்செறிவுகள் கையாளுதற்கரிய சிற்றெண்களாதலின், 1909இல் அவற்றின் பத்தடி மடக்கையின் எதிர்ப்பெறுமானத்தை அளவுகோலாக்கினார். அதுவே பி.எச்.

இதன்படி, லீற்றருக்கு 0.1 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1 எனக் கணிக்கப்படும். அதே செறிவுடைய அசற்றிக் அமிலத்தில் நூற்றுக்கு 1.3 பங்கே பிரிவதால் அதன் பி.எச். ஏறத்தாழ 2.9. 25 பாகை செல்சியசில் நீரின் அயன் பெருக்கம் 10⁻¹⁴. ஆதலின், 0.01 மூல் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஐதரசன் அயன் செறிவு 10⁻¹², பி.எச். 12. இங்ஙனம் செறிவிலிருந்து கணித்தல் ஐதான கரைசல்களுக்கே பெரிதும் பொருந்தும். 1924இல் சோரன்சனும் லின்டர்சுத்திரம்-லாங்கும் செறிவின் இடத்தில் அயன்களின் தொழிற்பாட்டை வைத்து வரையறையைத் திருத்தினர்.

ஒரே பெயரால் வழங்கிய அளவையும் வலிமையையும் பிரித்தறிந்ததே இவ்வரலாற்றின் சாரம். தமிழிலோ வேறொரு மயக்கம் நிலவுகிறது. இலங்கைப் பாடநூல்களில் 'மூலம்' என்பது பொதுப்பெயர். நீரில் கரையும் மூலமே 'காரம்'. தமிழகப் பாடநூல்களில் 'காரம்' பொதுப்பெயர்; நீரில் கரைவது 'எரிகாரம்'. நீரில் கரையாத செப்பு ஒட்சைட்டு தமிழக மாணவருக்குக் காரம். இலங்கை மாணவருக்குக் காரம் அன்று, மூலம் மட்டுமே. இருநாட்டு நூல்களையும் ஒருங்கே பயிலும் புலம்பெயர் மாணவர், ஒன்றைப் பிழையெனக் கருத நேரிடும்.

பி.எச். 12 என்னும் எண் எங்கும் ஒன்றே; அதனை விளக்கும் சொல்லே வேறுபடுகிறது. ஆதலின், இனிவரும் கலைச்சொல் அகராதிகள் ஒரு வழக்கைத் தள்ளி மற்றொன்றைக் கொள்வதினும், இரு வழக்குகளையும் அவற்றின் வரையறையோடு அருகருகே தருவதே மாணவர்க்குப் பயன்தரும்.