காதலிக்க நேரமில்லை (1964)

ஸ்ரீதர் இயக்கி, அவரது சித்ராலயா நிறுவனம் தயாரித்த முழுநீள நகைச்சுவைப் படம். 1964 பிப்ரவரியில் ஈஸ்ட்மென் கலரில் வெளியானது. கதையை ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் அமைத்தனர். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ரவிச்சந்திரனுக்கு இதுவே முதல் படம். முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ, சச்சு ஆகியோரும் நடித்தனர்.

வேலையிழந்த இளைஞன் அசோக், பணக்கார வீட்டுப் பெண்ணை மணக்கத் தன் நண்பனுக்குக் கோடீஸ்வர அப்பா வேஷம் போடுகிறான். கதை இவ்வளவுதான். படத்தைத் தூக்கி நிறுத்துபவர்கள் பாலையாவும் நாகேஷும். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்ற படக் கம்பெனி தொடங்கத் துடிக்கும் செல்லப்பா (நாகேஷ்), பணம் தர மறுக்கும் தன் அப்பாவுக்கு (பாலையா) பேய்க் கதை சொல்லும் காட்சி தமிழ் நகைச்சுவையின் உச்சங்களில் ஒன்று. நாகேஷ் வாயாலேயே சத்தங்களை எழுப்பிக் கதையை நகர்த்துகிறார். எதிரே பாலையா விழி பிதுங்கி, நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டே போகிறார். வசனத்தைவிட அந்த முகத்துக்கே சிரிப்பு அதிகம். கேட்பவர் நடிப்பு இவ்வளவு பேசப்பட்ட காட்சி அபூர்வம்.

கண்ணீர்க் குடும்பக் கதைகள் கோலோச்சிய காலத்தில், 'கல்யாணப் பரிசு' என்ற சோகப் படம் தந்த ஸ்ரீதரே சோகத்தின் நிழல்கூட விழாத படம் எடுத்தது துணிச்சல். மக்கள் அதை அள்ளி அணைத்துக்கொண்டனர்; வெள்ளிவிழா கண்டது. தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965) என்றும், ஸ்ரீதர் இயக்கத்திலேயே இந்தியில் 'பியார் கியே ஜா' (1966) என்றும் மறுவடிவம் பெற்றது. இந்தியில் நாகேஷின் பாத்திரத்தை ஏற்ற மெஹ்மூத், சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார்.