மர்ஜியானாவின் கதை

"அலிபாபா யார்?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால், "எம்.ஜி.ஆர்.தானே" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு பெண் காணாமற்போயிருக்கிறாள்.

'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் பழைய அரபுப் பிரதிகளில் அலிபாபா கதை இல்லை. ஹலப் நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனியக் கிறிஸ்தவர் 1709இல் பாரிஸில் வாய்மொழியாகச் சொல்ல, அந்துவான் கலான் அதைக் கேட்டு பிரெஞ்சில் எழுதினார். கலான் இறந்த பின், 1717இல் அது அச்சேறியது.

அந்தக் கதையின் அலிபாபா வாளெடுப்பவனல்ல. மரத்தில் ஒளிந்திருந்து குகையின் மந்திரச் சொல்லைக் கேட்டுக்கொண்ட, மனைவி மகனுள்ள விறகுவெட்டி. அவனைக் காப்பாற்றுவதெல்லாம் அடிமைப்பெண் மர்ஜியானா. திருடன் ஒரு வாசலில் அடையாளமிட்டால், அவள் அக்கம்பக்கத்து வாசல்களிலும் அதையே இடுகிறாள். எண்ணெய்ச் சாடிகளில் ஒளிந்திருந்த 37 பேரையும் கொதிக்கும் எண்ணெயால் முடிக்கிறாள். கடைசியில் தலைவன் மாறுவேடத்தில் விருந்துக்கு வந்து, உப்பில்லாத உணவு கேட்கிறான். உப்பைத் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யக்கூடாதல்லவா? அந்த ஒரு சொல்லில் அவளுக்குச் சந்தேகம் தட்டுகிறது. ஆடிக்கொண்டே குத்துவாளைப் பாய்ச்சுகிறாள். பரிசாக விடுதலையும், அலிபாபாவின் மகனோடு திருமணமும் கிடைக்கின்றன.

தமிழில் 1941இல் என்.எஸ்.கிருஷ்ணன் இக்கதையை நகைச்சுவைப் படமாக்கினார். 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தின் இயக்கத்தில் வந்த படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதில் எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மர்ஜியானா. மருமகளாக வேண்டியவள் காதலியாகிறாள், விறகுவெட்டி வீரனாகிறான். பானுமதி ஆற்றல் குறைந்த நடிகையல்ல. ஆனாலும் நட்சத்திரக் கதாநாயகன் ஒருவன் இருக்கையில், அவனைக் காப்பாற்றும் அடிமைப்பெண் கதையின் நடுவில் நிற்க முடியவில்லை.

கதையை மாற்றக்கூடாது என்பதல்ல என் வாதம். ஹன்னா தியாப் சொன்னதும் கலான் எழுதியதும் ஒன்றாகவே இருந்திருக்குமா? கதை வாய்க்கு வாய் மாறத்தான் செய்யும். மாறும்போது யாருடைய பங்கு குறைகிறது என்பதே கேள்வி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் 18 நாட்களும் பாரதக் கதை நிகழ்கிறது. வனவாசம், தீமிதிப்பு என்று எத்தனை கட்டங்கள் வந்தாலும் தெய்வமாக நடுவில் நிற்பவள் பாஞ்சாலிதான். பக்கத்து ஊர்க்காரரான நமக்கும் அது தெரிந்ததே.

நம் பிள்ளைகளுக்கும் படத்தைக் காட்டுவோம். காட்டி முடித்ததும், "இப்ப உண்மையான கதையைக் கேளுங்க மக்காள்" என்று மர்ஜியானாவின் கதையையும் சொல்லிக் கொடுப்போம்.