பாண்டியர் குதிரைகளும் மாணவனின் கேள்வியும்



சுங்கை வேயில் என் வகுப்பில் பாண்டியர் கதையைச் சொன்னபோது மாணவன் ஒருவன் வினவினான்: “ஆண்டுதோறும் குதிரை வாங்குவானேன்? நல்ல ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் இணைத்துக் குட்டி பெற்றிருக்கலாமே?”

பொருள் பொதிந்த வினா. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ இதற்கு விடை எழுதியுள்ளார். பெரிய ஆண் குதிரையோடு பெரிய பெண் குதிரையை இணைத்தாலும், கால் வளைந்த, சவாரிக்கு உதவாத சிறு குட்டியே பிறந்ததாம். ஆகவே அரபு, பாரசீகக் குதிரைகள் காயல் துறைமுகத்தில் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப்.

வாங்கியவையும் நிலைக்கவில்லை. சகோதர மன்னர் ஐவர் ஆளுக்கு 2,000 குதிரைகள் வாங்கினும், ஆண்டிறுதியில் 100கூட எஞ்சவில்லை என்கிறார் போலோ. புல் மேய வேண்டிய விலங்கிற்கு இறைச்சி கலந்த சோறு ஊட்டப்பட்டது. குதிரை மருத்துவரும் இல்லை. விற்பனை குறையாதிருக்க, அவர்கள் அங்குச் செல்லாதபடி வணிகர்களே தடுத்தனராம்.

போலோ தட்பவெப்பத்தையும் குறை கூறினார். எனினும், தாய்க்கும் குட்டிக்கும் ஏற்ற தீவனமும் பராமரிப்பும் இல்லையேல் எவ்வளவு உயர்ந்த இணையும் பயன் தராது என்பதை இன்று நாம் அறிவோம்.

இங்கிலாந்திலோ கீழை நாட்டு ஆண் குதிரைகளை உள்நாட்டுப் பெண் குதிரைகளோடு இணைத்து, பரம்பரையைக் குறித்துவைத்தனர். 1791இல் அது நூலாகவே வெளிவந்தது. பந்தயக் குதிரை இனம் அவ்வாறே உருவாயிற்று.

பிள்ளை பின்தங்கினால் “பரம்பரை அப்படி” என்று நாமும் கூறுகிறோம். கூறுமுன், நாம் ஊட்டியது என்ன என்று எண்ணிப் பார்ப்போமாக.