வீயின் இமைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



சென்ற உரையில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் பற்றிப் பேசி முடிக்கையில், அடுத்த தடவை ஒரு ருஷ்யப் பேயை அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். பேய்க்குக் கொடுத்த வாக்கைத் தவறுதல் நல்லதன்று என்று எங்கள் ஆச்சிமார் சொல்வார்கள். ஆகவே இன்று அந்தப் பேயின் கதை. அதைப் பார்த்தவர்களின் கதையுமாகும்.

திருகோணமலை உள்துறைமுக வீதிக்கு அண்மையில் நண்பர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில் மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் சிலர் கூடுவதுண்டு. பெரும்பாலும் புத்தகம் படித்துக் கதைப்போம். எப்போதாவது ஒரு படம் பார்ப்போம். ஒரு போயா விடுமுறை இரவு, சுவரில் வெள்ளை வேட்டியொன்றைக் கட்டி, 1967ஆம் ஆண்டில் மொஸ்பிலிம் கலையகம் தயாரித்த ‘வீய்’ என்னும் படத்தைப் பார்த்தோம். பதினான்கு பேர் இருந்தோம். உபதலைப்புகள் ஆங்கிலத்தில் ஓடியமையால் வயது முதிர்ந்தவர்களுக்கு நான் பக்கத்தில் இருந்து தமிழ் சொல்லிக்கொண்டிருந்தேன். படம் ஓடியது ஒன்றேகால் மணித்தியாலம். அதன்பின் நடந்த வாக்குவாதமோ அதனிலும் நீண்டது. பதினான்கு பேருக்கும் குறைந்தது பத்து அபிப்பிராயங்கள் இருந்தன.

அந்த வாக்குவாதத்தைச் சொல்லுமுன் அதன் பழைய வரலாற்றைச் சொல்லவேண்டும். ஏனெனில், எங்கள் மேல்மாடியில் எழுந்த கேள்விகளுட் சில, ருஷ்யாவில் 1835ஆம் ஆண்டிலேயே எழுந்தவை.

நிக்கொலாய் கொகோல் 1809இல் உக்ரேனிலே பிறந்தவர். அவருடைய ‘மேல்கோட்டு’ தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. ‘வீய்’ அவருடைய ‘மீர்கொரத்’ என்ற தொகுதியில் 1835இல் வெளிவந்த நெடுங்கதை. கியேவ் நகரத்துச் சமயக் கல்லூரி மாணவர் மூவர் விடுமுறைக்கு ஊர் போகிறார்கள். வழி தவறி இரவில் ஒரு கிழவியின் வீட்டில் தங்குகிறார்கள். மூவருள் ஹோமா புரூட் என்பவன் தத்துவ வகுப்பு மாணவன். தத்துவத்தைக் காட்டிலும் சாப்பாட்டிலும் குடியிலும் நாட்டம் உள்ளவன். கிழவி சூனியக்காரி. அவள் அவன் முதுகில் ஏறி அவனைக் குதிரையாக்கி வெளியெங்கும் ஓட்டுகிறாள். அவன் செபம் சொல்லித் தப்பி, இப்போது தான் அவள் முதுகில் ஏறி, விறகுக் கட்டையால் அடிக்கிறான். விழுந்து கிடப்பவளைப் பார்த்தால் அழகிய இளம்பெண்! ஹோமா ஓடிவிடுகிறான்.

சில நாளில் ஒரு கொசாக் தலைவரிடமிருந்து கல்லூரிக்கு ஆள் வருகிறது. அவருடைய மகள் அடிகாயங்களோடு வீடு திரும்பி மரணத் தறுவாயிலிருக்கிறாள். தனக்காக மூன்று இரவுகள் செபம் வாசிக்க ஹோமாவே வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். போகமாட்டேன் என்கிறான். கொண்டுபோகிறார்கள். பாழடைந்த மரத் தேவாலயத்தில் பிரேதத்தோடு அவனைப் பூட்டிவிடுகிறார்கள். அவன் தன்னைச் சுற்றி வட்டம் கீறிக்கொள்கிறான். பிரேதம் எழும்புகிறது, வட்டத்துக்குள் நிற்பவனை அதனாற் காண முடியவில்லை. மூன்றாம் இரவில் கணக்கற்ற பூதங்கள் வருகின்றன. அவைகளாலும் காண முடியவில்லை. ஈற்றில் வீய் என்பதை அழைத்து வருகிறார்கள். அதன் கண்ணிமைகள் நிலம் வரை தொங்குபவை, பிறர்தான் தூக்கிவிடவேண்டும். பார்க்காதே என்று ஹோமாவின் உள்மனம் சொல்கிறது. அவன் பார்த்துவிடுகிறான். வீய் விரலை நீட்டி அவனைக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

இக்கதை நாட்டார் வழக்கில் உள்ளது என்றும், தாம் கேட்டபடியே சொல்வதாகவும் கொகோல் அடிக்குறிப்பு எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். வீய் என்ற பெயரில் அப்படியொரு பூதத் தலைவன் அகப்படவில்லை. ஆனால், இமைகளைக் கவைக்கோலால் தூக்கிவிடவேண்டிய கிழவன் ஒருவன் ருஷ்ய நாட்டார் கதைகளில் வருகிறான். உக்ரேனிய மொழியில் ‘வீயா’ என்றால் கண்மயிர். கொகோல் பாதி கேட்டு மீதி கட்டினார் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம்மூர்க் கதைசொல்லிகளும் அப்படித்தானே?

கதை வெளிவந்த அதே ஆண்டில் மாஸ்கோ விமர்சகர் ஷெவிரியோவ் ஒரு குறை சொன்னார். பயங்கரத்தை விவரித்துச் சொன்னால் அது பயங்கரமாக இராது. பேய் தெளிவில்லாமல் இருக்கும்வரைதான் அச்சம் என்பது அவர் கருத்தின் சாரம். புகழ்பெற்ற பெலின்ஸ்கியும் அதே ஆண்டில் எழுதினார். பேய்ப்பகுதி கைகூடவில்லை, ஆனால் ஹோமாவும், அவனைச் சுற்றியுள்ள உக்ரேனிய வாழ்வும் அற்புதம் என்றார். இவற்றைக் கொகோல் எவ்வளவு மனங்கொண்டார் என்பது வேறு விடயம். 1842இல் தமது நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது கதையைத் திருத்தினார். பூதங்களின் அங்க வருணனைகளிற் பெரும்பகுதியை வெட்டினார்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். எழுத்தாளன் வெட்டிய பூதங்களைக் கமரா என்ன செய்யும்? அதற்குத் தெளிவின்மை இலகுவில் வராது. கதை முதன்முதல் 1909இல் ருஷ்யாவிலே படமாக்கப்பட்டது. அந்தப் படம் இன்று இல்லை. இத்தாலியர் மாரியோ பாவா 1960இல் எடுத்த படத்தில் கொகோலின் பெயர்தான் மிஞ்சியது. நாங்கள் பார்த்தது அதற்குப் பின் வந்தது. சோவியத் நாட்டில் பேய்ப்படம் என்றொரு வகைக்கு இடமில்லாதிருந்த காலம் அது. விஞ்ஞானச் சிந்தனை பேசிய அரசு சூனியக்காரிக்குப் பணம் ஒதுக்குமா? ஆனால் கொகோல் பாடப்புத்தகத்தில் இருப்பவர், இலக்கியப் பேரறிஞர். அவர் பெயரால் பேய் உள்ளே வந்துவிட்டது. அதுவும் ஒக்டோபர் புரட்சியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு மாதமான 1967 நவம்பரில்! சோவியத் நாட்டில் வெளிவந்த முதலாவது பேய்ப்படம் என்று இதைச் சொல்வதுண்டு.

இயக்கியவர்கள் கொன்ஸ்தாந்தின் யெர்ஷோவ், கியோர்கி குரோப்பச்சோவ் என்ற இருவர். இருவரும் அப்போது இயக்கத்துக்குப் புதியவர்கள். அவர்களுக்கு மேலாக அலெக்ஸாந்தர் ப்துஷ்கோ என்ற மூத்தவர் அமர்த்தப்பட்டார். ‘கல்மலர்’, ‘சாத்கோ’ முதலான மாயக் கதைப் படங்களை எடுத்தவர். தந்திரக் காட்சிகளில் வல்லவர். சவப்பெட்டி பறப்பதும் சுவர்களிலிருந்து பூதங்கள் இறங்குவதும் அவர் கைவண்ணம். சூனியக்காரியாக நடித்த நத்தாலியா வார்லி சர்க்கஸில் பயின்றவர். ஆயினும் பெட்டி பறக்கும் காட்சியில் நிலைதவறி விழப்போனார். ஹோமாவாக நடித்த லியோனித் குராவ்லியோவ் அவரைத் தாங்கிக்கொண்டார். கதையில் கொல்ல வந்தவளைப் படப்பிடிப்பில் காப்பாற்றியிருக்கிறார்!

மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அங்கு படத்தைப் பார்த்தார்கள். அபிப்பிராயம் மட்டும் ஒன்றுபடவில்லை. முதற்பாதியின் கிராமத்தையும் கொசாக்குகளையும் கொண்டாடியவர்கள் கடைசிப் பூதங்களைப் பொம்மைகள் என்றார்கள். பூதங்களுக்காகவே பார்த்தவர்களுக்கு முதற்பாதி மெதுவாக இருந்தது. ஷெவிரியோவின் குறை மீண்டும் எழும்பிவிட்டது. 2014இல் ஒலெக் ஸ்தெப்சென்கோ இதே பெயரில் பெரும் பணச்செலவில் முப்பரிமாணப் படம் எடுத்தார். ஆங்கிலேய நிலப்பட வரைஞன் ஒருவன் அதில் நாயகன். ருஷ்யாவில் வசூல் பெருவெள்ளம். காட்சியழகைப் புகழ்ந்தவர்களே கதை சிக்கலாகிவிட்டது, கொகோல் காணாமற் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். நானும் பார்த்தேன். பேய்க்குப் பின்னால் மனிதரின் சூழ்ச்சியைத் தேடும் அந்தப் படத்தைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது எங்கள் மேல்மாடி. உயர்தர வகுப்பில் படிக்கும் வீட்டுக்காரரின் மகன் கடைசிக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். “சேர், உது கார்ட்டூன் மாதிரி இருக்கு” என்றான். எங்கள் கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர், கணினி இல்லாத காலத்தில் பெட்டியைப் பறக்கவிட்டதை நினைத்துப் பார் என்று அவனைக் கடிந்தார். துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவருக்கு முதலிரண்டு இரவுகளும் பிடித்திருந்தன. “சாவீட்டில விடியவிடிய முழிச்சிருக்கிறது எங்களுக்குத் தெரியாததோ? நாங்கள் நாலு பேர் சேர்ந்து முந்நூற்றுநாலு விளையாடுவம். இவன் பாவம், தனிய” என்றார். இதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எந்த நூலிலும் காணவில்லை.

வட்டத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. இலக்குமணன் கோடு போலத்தானே என்றார் ஒருவர். அந்தக் கோடு வான்மீகத்தில் இல்லை. கம்பனிலும் இல்லை, அங்கே இராவணன் நிலத்தோடு பர்ணசாலையைப் பெயர்த்துச் செல்கிறான். இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைத் தெரியாமலிருக்கலாமா என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பேயை விவரித்தால் பயம் போய்விடும் என்ற ஷெவிரியோவின் விதியைத் தமிழில் வைத்துப் பார்த்தேன். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களின் வயிற்றையும் பல்லையும் ஒவ்வொன்றாக வருணிக்கிறார். பயம் வருவதில்லை, நகைதான் வருகிறது. அது அவர் வேண்டியதே. காரைக்காலம்மையாரோ தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டு ஆலங்காட்டுச் சுடலையைப் பாடுகிறார். அங்கே அச்சம் பக்தியாகிவிடுகிறது. பழையனூர் நீலி மட்டும் ருஷ்யப் பெண்ணுக்கு உறவுக்காரி போலத் தோன்றுகிறாள். இருவரும் தம்மைக் கொன்றவனைத் தேடி வருபவர்கள்.

ஆனால், அன்றிரவு என் மனத்தில் வந்து நின்றது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேயோடு அரசனையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் தொல்காப்பியர். வகுப்பில் இதைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்திருக்கிறேன்; உதாரணம் கேட்டால் பழைய உரைகளிலிருந்து சொல்வேன். ஹோமாவை எண்ணிப் பாருங்கள். அவன் அணங்குக்கு முன் தலைவருக்குப் பயந்தவன். இரண்டாம் இரவு கழிந்ததும் தலைமயிர் நரைத்தவனாய்ச் சென்று, இனி முடியாது என்கிறான். தலைவர் சவுக்கடியைப் பற்றிச் சொல்கிறார். முடித்தால் ஆயிரம் பொன் என்கிறார். ஓடுகிறான். பிடித்துக் கொண்டுவருகிறார்கள். தேவாலயக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது. அவனைப் பேயிடம் ஒப்படைத்தவர்கள் மனிதர்கள்தான்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரரின் தாயார் மூலையிலிருந்த கதிரையிலிருந்து பேசினார். நாங்கள் எல்லோரும் மாமி என்று அழைப்போம். அதுவரை வாய் திறக்காதவர்.

“உது தலையாட்டிதானே, தம்பி.”

எனக்கு உடனே விளங்கியது. என் வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கியது. யாரும் பேசவில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பலின் ஊது மட்டும் கேட்டது.

பையன்தான் கேட்டான்: “தலையாட்டி எண்டால் என்ன, அம்மம்மா?” அம்மம்மா என்றே அவன் தந்தைவழிப் பாட்டியையும் அழைப்பான்.

மாமி அவனுக்குச் சொன்னார். சுற்றிவளைப்புக் காலத்தில் விடியற்காலையில் ஊர்ச்சனங்களை மைதானத்துக்கு வரச்சொல்வார்கள். வெயிலில் வரிசையாக இருத்துவார்கள். ஒரு வாகனம் வரும். அதற்குள் சாக்கால் மூடிய ஒரு மனிதன். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும். அவன் பேசமாட்டான். தலை அசைந்தால், நடந்தவரை அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள். “ஆர் எண்டு தெரியாது. எங்கட ஊர்ப் பொடியனாகவும் இருக்கும். அவனையும் அடிச்சுத்தான் கொண்டுவந்திருப்பினம். இந்தப் பூதத்தைப்போல, அவன்ர கண்ணையும் வேற ஆரோதான் திறந்துவிட்டது.”

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மைதான மதிலுக்கு வெளியே பெண்களோடு நின்றிருக்கிறேன். சாக்கை நான் கண்டதில்லை. வாகனத்தின் பின்பக்கம்தான் தெரிந்தது. இன்றைக்கும் சில இரவுகளில் அந்த வாகனத்தின் பின்பக்கம் கனவில் வருவதுண்டு. காணாததுதான் வருகிறது என்றால் ஷெவிரியோவ் சொன்னது சரி. சாக்கையும் இரண்டு ஓட்டையையும் அருகிலிருந்து கண்ட மாமி அதை ஒவ்வொரு விவரமாகச் சொன்னபோது எங்கள் ஒருவருக்கும் பயம் குறையவில்லையே. அப்படியானால் அவர் சொன்னது பிழை. இதை எப்படித் தீர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாமி என்னிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பொடியன் ஏன் நிமிந்து பார்த்தவன்? அதைக் கதையில எழுதியிருக்கோ?”

ஹோமாவின் கூட்டாளி கதையின் முடிவில் சொல்லும் காரணத்தைச் சொன்னேன். அவன் பயந்தபடியால்தான் அழிந்தான் என்பது அது.

“அது கிட்ட இருக்காதவன் சொல்லுற கதை” என்றார் மாமி. “என்ர மூத்தவன் பயத்தில பார்க்கேல்ல. அந்தச் சாக்குக்குள்ள இருக்கிறது தன்ர சிநேகிதனோ எண்டு பார்த்தவன்.”

பிறகு அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைச் சேர்த்துத் தட்டில் அடுக்கினார். பையன் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கினான்.